டாரனின் திங்கட்கிழமை

இரவு இரண்டு நாற்பதுக்கு
பனி தள்ளும் வண்டிகள் பதினொன்றும்
வரைபடத்திலிருந்து காணாமல் போயின.
வின்னிபெக் தெருக்களில் அவை ஓடிக்கொண்டுதான் இருந்தன,
என் திரையில்தான் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
தலையணைக்குப் பக்கத்தில் கைபேசி
பல்வலிக்காரன் மாதிரி முனகியது.

வட்டு நிரம்பிவிட்டது.
இனி ஒரு புள்ளி வைக்கவும் இடமில்லை.

இந்த ஜாவா சர்வருக்கு
மூச்சு விட்டதையும் எழுதி வைக்கும் வியாதி:
இணைப்பைத் திறந்தேன். இணைப்பை மூடினேன்.
வண்டி 4 நிற்கிறது.
வண்டி 4 இன்னும் நிற்கிறது.
இதோ, நிற்கிறது.
ஒரு நாளுக்கு ஒரு கோப்பு,
ஏழு நாள் கழித்து அழி என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.
ஒரு நாளைக்கு எவ்வளவு பேசலாம் என்று
யாரும் சொல்லவில்லை.
நேற்று நாள் முழுக்கப் பனி.

கட்டமைப்புக் கோப்பைத் திறந்தேன்.
எக்ஸ்எம்எல், நாற்பத்து மூன்று வரி.
வேர் லாகரின் மட்டம்: டீபக்.
பக்கத்திலேயே டாரன் கோவல்சுக்கின் குறிப்பு:
‘தற்காலிகம். திங்கட்கிழமை மாற்றிவிடுகிறேன்.’

டாரன் வேலையை விட்டு மூன்று வருடம்.
கிம்லியில் படகு வாடகைக்கு விடுகிறானாம்.
அவன் திங்கட்கிழமை மட்டும் இங்கேயே கிடக்கிறது,
இரண்டு கோணல் குறிகளுக்கு நடுவே
விடியாமல்.

வரிகள் வேறு இரட்டை இரட்டையாக.
பிள்ளை லாகர் சொன்னதை
வேரும் வாங்கி இன்னொரு தரம் சொல்லியிருக்கிறது,
கல்யாண வீட்டில் கோள் பரவுகிற மாதிரி.
‘மேலே கடத்தாதே’ என்று ஒரு சொல் சேர்த்தேன்.
ஒரு நாளின் பேச்சுக்கு உச்சவரம்பு வைத்தேன்.
டீபக்கை அடித்து இன்ஃபோ என்று எழுதினேன்.

அரை நிமிடத்துக்கு ஒருமுறை
சர்வர் இந்தக் கோப்பைத் திரும்பிப் பார்க்கும்.
பார்த்தது.
வாயை மூடியது.
குளிர்சாதனப் பெட்டி சட்டென நின்றால்
அதுவரை இரைந்தது தெரியுமே, அப்படி.

பழைய கோப்புகளை அழிக்கும் முன்
வால் பக்கம் கொஞ்சம் படித்தேன்.
இது ஒரு கெட்ட பழக்கம்,
குப்பைக்குப் போகிற காகிதத்தையும் படிப்பது.

வண்டி 9, ஓட்டுநர் குறிப்பு:
பெம்பினாவில் தீயணைப்புக் குழாய் புதைந்து கிடக்குது.
வண்டி 9, ஓட்டுநர் குறிப்பு:
இடது கதவு மூட மாட்டேங்குது. கால் விறைக்குது.
வண்டி 9, ஓட்டுநர் குறிப்பு:
யாராவது படிக்கிறீங்களா?
வண்டி 9, ஓட்டுநர் குறிப்பு:
சரி.

ரெனே லாரிவியேர்.
வண்டிக்குள் ஒரு சின்னத் திரை, பெரிய பொத்தான்கள்.
அவர் கையுறையைக் கழற்றித் தட்டியதெல்லாம்
டீபக் மட்டத்தில் மட்டுமே விழுந்திருக்கிறது;
வேறெங்கும் போய்ச் சேர
யாரும் வழி வெட்டவில்லை.
நவம்பரிலிருந்து செவிடன் காதில் சங்கு.
அந்தக் காதையும்
சற்று முன் நான்தான் அடைத்தேன்.

அரை நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் பொட்டலத்துக்கு மட்டும்
தனி லாகர். மட்டம்: டீபக்.
தனிக் கோப்பு. அறுபது நாள் ஆயுள்.
புதிய வரி விழுந்தால் என் அஞ்சலுக்கு வரட்டும்.
இதை எதற்கு என் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்று
நாளைக்கு மேலாளர் கேட்பார்.
கேட்கட்டும்.

பணிமனைக்கு ஃபோன் போட்டேன்.
‘ஒன்பதாம் வண்டிக்கு இடது கதவு பாருங்கள்.’
‘யார் சொன்னது?’
‘அவரே. ஏழு வாரமாக.’
அந்தப் பக்கம் பேனா தேடும் சத்தம்.

பதினொரு வண்டிகளும் திரையில் வந்துவிட்டன,
பச்சைப் புள்ளிகள்; ஒன்று மட்டும்
பாலத்துக்கு இந்தப் பக்கம் மெதுவாக.
புதிய கோப்பைத் திறந்து பார்த்தேன்.
பூஜ்யம் பைட்.
டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன்.
பூஜ்யம்.

மூடும் முன் அந்த வரிக்குப் பக்கத்தில்
நானும் ஒரு குறிப்பு எழுதினேன்:
‘இதை அணைக்காதீர்கள். காரணம் வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள்.’
பெயர் போட்டேன்.
கிழமை போடவில்லை.